கடைமடையில் மரபு நெல்: நாகப்பட்டினக் கரையோரத்தில் மண், விதை, உழைப்பு

மேட்டூரில் திறக்கும் காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் நிலம் நாகப்பட்டினம் மாவட்டம். வெண்ணாற்றுப் பிரிவைச் சேர்ந்த வெட்டாறு, கடுவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு ஆகியவை இங்கே கடலைத் தொடுகின்றன. தலைமடையில் தண்ணீர் மிஞ்சினால் இங்கே வெள்ளம். அங்கே குறைந்தால் இங்கே வறட்சி. கடல்நீர் ஆற்றின் வழியே ஏறி வந்துவிடாமல் தடுக்க முகத்துவாரங்களை ஒட்டி இயக்கு அணைகள் இருக்கின்றன. கீழையூர், தலைஞாயிறு, வேதாரண்யம் பகுதிகளில் பெரும்பாலான நிலத்துக்கு ஒரு போகச் சம்பாவே நம்பகமான சாகுபடி. அது முடியும் தறுவாயில் ஈரம் காயுமுன் தெளிக்கும் உளுந்தும் பயறும் கைச்செலவுக்கு உதவும்.

இந்த நிலத்தில்தான் கடந்த இருபது ஆண்டுகளாக இயற்கை வேளாண்மை, மரபு நெல் மீட்பு ஆகிய இரண்டும் ஓர் இயக்கமாக வளர்ந்துள்ளன. அதன் கதை வழக்கமாக ஒரே வடிவில் சொல்லப்படுகிறது: பசுமைப் புரட்சி மண்ணைக் கெடுத்தது, ஆழிப்பேரலை உப்பைக் கொட்டியது, ரசாயனத்தால் முடியாததை இயற்கை முறையும் முன்னோர் விதையும் செய்து காட்டின, மக்கள் தம் பழைய உணவுக்குத் திரும்பினர். மண் எப்படி மீண்டது என்பதும், மரபு நெல் யாருடைய உணவாயிற்று என்பதும் இந்தக் கதைக்குள் இருக்கும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குக் கதை தரும் விடை பாதி உண்மை. இரண்டாவதற்கு அது தரும் விடை, விதை மீட்கப்பட்டதையும் சோறு மீட்கப்பட்டதையும் ஒன்றாக்கிவிடுகிறது. விதை திரும்பி வந்துவிட்டது. கடைமடைக்காரரின் வட்டிலுக்கு அந்தச் சோறு இன்னும் வரவில்லை.

1. கடல் வந்த நிலம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழகத்திலேயே மிக அதிக உயிரிழப்பைச் சந்தித்தது நாகப்பட்டினம் மாவட்டம். 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மீனவர் குடியிருப்புகளின் பேரழிவுக்கு முன்னால் வயல்களின் சேதம் அப்போது இரண்டாம்பட்சமாகத்தான் தெரிந்தது. கடலை ஒட்டிய வயல்களில் சம்பா கதிர் முற்றும் பருவம் அது. உப்புநீர் நின்ற வயல்களில் பயிர் கருகியது. சில இடங்களில் கடல் கொண்டுவந்த சேறும் மணலும் வயலின் மேல் படிந்தன.

உப்பு நெல்லை எப்படிப் பாதிக்கிறது என்பதற்குத் தெளிவான அளவுகோல் உண்டு. மண் கரைசலின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும்; அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 சதவீதம் சரியும். கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50. தொல்லை உப்பின் செறிவோடு நிற்பதில்லை. கடல்நீரில் மிகுந்துள்ள சோடியம் களித்துகள்களில் ஒட்டிக்கொண்டு, அவற்றின் கட்டுமானத்தைக் குலைத்து, மண்ணை நீர் இறங்காத பாளமாக்கிவிடும். ஜிப்சம் இடச் சொல்வது இதனால்தான். அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, விடுபட்ட சோடியத்தை நல்ல தண்ணீர் கழுவி வெளியேற்றும்.

வேளாண்மைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் பரிந்துரைத்த வழி இதுவே: மேற்படிவை அகற்றுதல், ஜிப்சம், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல், மழைநீரைத் தேக்கி வடித்தல், திருச்சி 1 போன்ற உவர் தாங்கும் ரகங்கள். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரும் அவரோடு இணைந்து வேலை செய்த தொண்டமைப்புகளும் எடுத்த வழியில் ஜிப்சம் இல்லை. பல தானியங்களைக் கலந்து விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது, கிடைத்த தழையையும் மட்கும் கழிவையும் மண்ணுக்குள் செலுத்துவது, வரப்பை உயர்த்தி மழையைப் பிடிப்பது, உவருக்குப் பழகிய நாட்டு ரகங்களை விதைப்பது ஆகியவை அதன் கூறுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதிரெதிர் முகாம்களாகச் சித்திரிக்கப்படும் இவற்றுக்குள் பொதுவானவையே அதிகம். பசுந்தாளை மடக்கி உழுவதும் மழையும் இரண்டிலும் இருக்கின்றன.

அந்த மழைதான் பெரும்பாலான பேச்சுகளில் விடுபட்டுப்போகிறது. நாகப்பட்டினத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. 2005-இன் வடகிழக்குப் பருவமழையோ வழக்கத்தைவிட மிக அதிகம். மண் ஆய்வுகள் பலவும் அந்தப் பருவத்துக்குப் பிறகு உப்பின் அளவு வெகுவாகக் குறைந்ததைப் பதிவு செய்துள்ளன. மழை எல்லா வயலிலும் பெய்தது: ஜிப்சம் இட்ட வயலிலும், பல தானியம் விதைத்த வயலிலும், எதுவும் செய்யாமல் போட்ட வயலிலும். அருகருகே உள்ள வயல்களை ஒப்பிட்டு அளக்காமல் மீட்சியின் பெருமையை ஏதேனும் ஒரு முறைக்கு மட்டும் கொடுப்பது ஆய்வு நெறிக்குப் பொருந்தாது. எந்த முகாம் உரிமை கொண்டாடினாலும் இதே பதில்தான்.

அப்படியானால் இயற்கை முறை தந்தது என்ன? விடை ஆழிப்பேரலையின் உப்பில் இல்லை. கடைமடையின் அன்றாட உப்பில் இருக்கிறது. அலையின் உப்பு ஒருமுறை வந்தது. நிலத்தடியிலுள்ள உவர்நீரோ ஒவ்வொரு கோடையிலும் மண்ணின் நுண்துளை வழியே மேலேறி, ஆவியாகி, வயல் முகத்தில் வெள்ளையாகப் பூக்கிறது. ஆற்றில் வரும் நன்னீர் குறையக் குறைய இது கூடும். 2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட ஜூன் 12 என்ற மரபு நாளில் மேட்டூர் திறக்கப்படவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. இத்தகைய ஆண்டுகளில் தழைச்சத்து நிறைந்த, மேலே மூடாக்கு உள்ள மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆவியாதல் குறைவதால் உப்பு மேலேறுவதும் மட்டுப்படும். உலக அளவில் மீளுருவாக்க வேளாண்மை என்று இன்று பேசப்படுவதன் சாரம் இதுதான். அமெரிக்காவில் ராபர்ட் ரோடேல் அந்தப் பெயரை 1980-களில் பரப்பினார். கடைமடையில் அது புதுக் கொள்கையாக வந்து இறங்கவில்லை. கோடை உழவு, ஆட்டுக்கிடை, தழை உரம் என்று பல பெயர்களில் முன்பே இருந்து, உர மூட்டை வந்தபின் கைவிடப்பட்ட வழக்கங்களே இங்கு மறுபடி தொகுக்கப்பட்டன.

உவரின் இன்னொரு மூலம் மனிதர் செய்தது. 1990-களில் கரையோர நெல்வயல்கள் இறால் பண்ணைகளாயின. குளங்களில் தேக்கிய கடல்நீர் கசிந்து அடுத்த வயல்களையும் குடிநீர்க் கிணறுகளையும் உவராக்கியது. நிலமற்றவர்களுக்கு நிலம் கிடைக்கப் பாடுபட்ட சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கரையோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. விளைநிலங்களை இறால் குளங்களாக மாற்றவும் தடை விதித்தது. பின்னர் வந்த 2005-ஆம் ஆண்டின் கரையோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தொழிலுக்கு மறுபடி வழி திறந்தது. மண்வளத்தைப் பேசும் இயற்கை வேளாண் எழுத்துகளில் யூரியாவுக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒன்றுகூட இந்த வழக்குக்குக் கிடைப்பதில்லை. கரையோர மண்ணைப் பொறுத்தவரை இது விசித்திரமான விடுபடல்.

2. விதை: சேகரமும் சுழற்சியும்

ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டம் 1960-களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1965-இல் வெளியான ஆடுதுறை 27 குறுவையைச் சில ஆண்டுகளிலேயே பிடித்துக்கொண்டது. ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20 என அடுத்தடுத்து வந்தன. விதை மாறியதோடு பயிரிடும் முறைகளும் சில போயின. அவற்றுள் குறிப்பிடத்தக்கது, குறுவை விதையோடு நெடுங்காலப் பயிரான ஒட்டடையானைக் கலந்து ஒரே வயலில் விதைத்த வழக்கம். குறுவை முதிர்ந்ததும் அறுத்துக்கொள்வார்கள். அடியில் நின்ற ஒட்டடையான் மழைநீரில் எழும்பி தை மாதத்தில் இரண்டாம் அறுவடை தரும். நாற்றுக்கூலி ஒருமுறைதான், உழவும் ஒருமுறைதான். வெள்ளத்தில் மறு நடவு நட முடியாத தாழ்வான நிலத்துக்கு அது ஒரு காப்பீடு. ஒரே சீராக முதிரும் குட்டை ரகங்களுக்கும் உர அட்டவணைக்கும் இப்படிக் கலந்த பயிர் ஒத்துவரவில்லை.

மீட்பின் பக்கத்தில் இரண்டு பெயர்கள் முதன்மையானவை. திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் 1938-இல் பிறந்த கோ. நம்மாழ்வார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி அரசு வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்து, 1969-இல் வேலையை விட்டு வெளியேறியவர். 2003-இல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை அவர் நடத்திய நடைப்பயணம் டெல்டா உழவர்களிடையே மரபு விதையைப் பற்றிய பேச்சை மறுபடி தொடங்கிவைத்தது. பின்னர் மீத்தேன் எடுப்புத் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த நாள்களில், 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் இறந்தார்.

மற்றவர் திருத்துறைப்பூண்டி வட்டம் கட்டிமேட்டைச் சேர்ந்த ஜெயராமன். ‘நெல் ஜெயராமன்’ என்றே அறியப்பட்டவர். அவர் நுகர்வோர் இயக்கத்திலிருந்து வந்தவர் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. நஞ்சில்லா உணவு நுகர்வோரின் உரிமை என்ற வாதமே அவரை விதைக்குக் கொண்டுவந்தது. கட்டிமேட்டுக்கு அருகிலுள்ள ஆதிரெங்கத்தில் 2006 முதல் அவர் நடத்திய நெல் திருவிழாவின் விதி எளிமையானது: ஓர் உழவருக்கு 2 கிலோ விதை இலவசம், அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பர் 6 அன்று புற்றுநோயால் அவர் இறந்தபோது, சேகரிப்பு 170 ரகங்களை ஒட்டியிருந்தது.

அந்த விதியைச் சற்று உற்றுப் பார்க்கலாம். 2 கிலோ விதையைக் கொண்டு ஒரு சிறு பாத்தியில்தான் நட முடியும். அதிலிருந்து பெருக்கியதைக் கொண்டே மறு ஆண்டு ஒரு மா, அதற்கடுத்த ஆண்டு ஒரு வேலி என விரிக்க முடியும். ஆக, விதை வாங்கிய உழவர் முதல் ஆண்டில் தன் வயலின் மூலையைச் சோதனைத் திடலாக்குகிறார். தோற்றால் இழப்பு அற்பம். திருப்பித் தரும் கடமை இருப்பதால், கலப்பு விழாமல் கதிர்களைப் பொறுக்கி எடுக்கவும் கற்றுக்கொள்கிறார். விதை கொடுப்பவருக்கோ இருப்பு குறைவதில்லை. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் குளிர்பெட்டகத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் உள்ளன. அந்தப் பெட்டகம் விதையை அழியாமல் காக்கிறது. வயலில் ஆண்டுதோறும் மாறும் மழைக்கும் உவருக்கும் விதை பழகிக்கொண்டே வருவது பெட்டகத்துக்குள் நடக்காது. அந்த வேலையைச் செய்தது ஆதிரெங்கத்துச் சுழற்சி. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், வணிகப் பெயரிடாத விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருவதால் இந்த ஏற்பாடு சட்டத்துக்கு உட்பட்டதாகவும் இருந்தது.

2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை ‘நெல் ஜெயராமன் மரபுசார் நெல் இரகங்கள் பாதுகாப்பு இயக்கம்’ என்ற திட்டத்தை அறிவித்தது. அரசு விதைப் பண்ணைகளில் பெருக்கி மானிய விலையில் விநியோகிப்பது அதன் வழி. பரவலுக்கு இது நல்லது. ஆனால் வாங்கியவர் திருப்பித் தர வேண்டியதில்லை. உழவர் மறுபடி விதை வாங்குபவராக, அரசு விதை கொடுப்பதாக, பழைய உறவே திரும்புகிறது.

3. எது மரபு?

கரையோர நிலத்துக்கென்று சொல்லப்படும் ரகங்கள் சில உண்டு: குழியடிச்சான், களர்பாலை, வேதாரண்யம் பகுதியின் குடவாழை. வெள்ளம் நிற்கும் தாழ்வு நிலத்துக்குக் காட்டுயானம். ஆளுயரத்துக்கு மேல் வளரக்கூடியது. இவை இடத்தோடு ஒட்டியவை. அந்த இடத்தில் வேறு ரகம் தடுமாறும்போது இவை நிற்பதைப் பார்த்துத்தான் உழவர்கள் இவற்றுக்குத் திரும்பினர். நிலமும் ரகமும் இப்படிப் பொருந்துவதற்குக் கேரளத்தின் பொக்காளி நல்ல ஒப்பீடு. உவர் தாங்கும் அதன் பண்புக்குக் காரணமான மரபணுப் பகுதியை அடையாளங்கண்டு புதிய ரகங்களில் சேர்க்கும் அளவுக்கு அறிவியல் போய்விட்டது. நாகப்பட்டினக் கரையின் ரகங்களுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

ஆனால் சந்தையில் ‘மரபு’ என்ற முத்திரை இவற்றின் மேல் மட்டும் குத்தப்படுவதில்லை. கிச்சிலிச் சம்பாவை எடுத்துக்கொள்ளலாம். இன்று முன்னோர் அரிசியாக விற்கப்படும் இது, கோணாமணி என்ற ரகத்தில் தற்செயலாகத் தோன்றிய மாற்றத்தைப் பொறுக்கியெடுத்து, கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-இல் ஜி.இ.பி. 24 என்ற எண்ணுடன் வெளியிட்டது. அதன் வழிவந்த திரூர்குப்பம் 6 என்ற ரகம் ஐ.ஆர். 20-இன் பெற்றோரில் ஒன்று. அதாவது, பசுமைப் புரட்சியில் டெல்டாவை நிரப்பிய நெல்லுக்குள் கிச்சிலியின் ரத்தம் ஓடுகிறது. மறுபுறம், சம்பாப் பட்டத்தில் டெல்டா உழவர் விரும்பிப் போடும் சி.ஆர். 1009 ஆராய்ச்சி நிலையத்து ரகம்தான் என்றாலும், 1980-களிலிருந்து இங்கே பழகி, ஏறத்தாழ 155 நாள் நின்று, தண்ணீரைத் தாங்கி, கடைமடைக்காரருக்குத் தாத்தா காலத்து நெல் போலவே ஆகிவிட்டது. ஒரு ரகம் எங்கே பிறந்தது என்பதைவிட, விதை யார் கையில் இருக்கிறது, எந்த நிலத்துக்குப் பொருந்துகிறது என்பவையே பயனுள்ள கேள்விகள். ‘பாரம்பரியம்’ என்று அச்சடித்த பை இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்வதில்லை.

4. உழைப்பவர்கள்

இயற்கை வேளாண்மை எழுத்துகளில் ‘உழவர்’ என்றால் பெரும்பாலும் நிலவுடைமையாளர். மண்ணுக்கு உயிரூட்டும் வேலையைச் செய்வோரில் பலருக்கோ நிலம் கிடையாது.

சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு டெல்டாவுக்குள் இறங்குகிறார்கள். பகலில் அறுத்த தாளையும் வரப்புப் புல்லையும் மேயும் ஆடுகளை இரவில் வலையடைப்புக்குள் வயலில் மடக்குவது கிடை. புழுக்கையும் மூத்திரமும் அந்த இடத்திலேயே விழுகின்றன. மறுநாள் கிடை சற்றே நகர்த்தப்படும். வயல் முழுதும் நகர்ந்து முடிந்தபின் மேலோட்டமாக ஓர் உழவு. எருவை வண்டியில் ஏற்றி இறக்கும் செலவு இல்லை. மூத்திரத்தின் தழைச்சத்து வீணாகாமல் மண்ணிலேயே சேர்வது கிடையின் தனிச்சிறப்பு. குப்பைமேட்டு எருவில் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். கிடைக்கூலி நெல்லாகவோ பணமாகவோ பேசி முடிக்கப்படுகிறது. வயலோரக் கூடாரத்தில் மாதக்கணக்கில் வாழும் இந்தக் குடும்பங்கள் இல்லாமல் டெல்டாவில் இயற்கை உரக் கணக்கு சமப்படாது. ஆனால் இயற்கை வேளாண் பயிற்சி முகாம்களின் மேடையில் கீதாரி அரிதாகவே ஏறுகிறார்.

மாடும் இந்த நிலத்துக்கென்றே உருவானது. தலைஞாயிறு பக்கத்து ஊரான உம்பளச்சேரியின் பெயர் தாங்கிய இனம், சேற்றில் கால் புதையாமல் உழக்கூடிய, குட்டையான, இறுகிய உடற்கட்டு கொண்டது. கன்றாக இருக்கையில் செம்பழுப்பு. வளர வளரச் சாம்பல் நிறம். நெற்றியிலும் குளம்புக்கு மேலும் வெள்ளை. எருதுக்கன்றுகளின் கொம்பைச் சுட்டு வளரவிடாமல் செய்யும் வழக்கம் இருந்ததால் ‘மொட்டை மாடு’ என்றும் சொல்வார்கள். திருத்துறைப்பூண்டியை அடுத்த கொருக்கையில் அரசுக் கால்நடைப் பண்ணை இந்த இனத்தைக் காத்துவருகிறது. உழவுக்கு டிராக்டரும் பாலுக்குக் கலப்பினப் பசுவும் வந்தபின் உம்பளச்சேரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. பஞ்சகவ்யம், அமுதக்கரைசல் ஆகிய இயற்கை இடுபொருள்களுக்கு வேண்டிய சாணமும் கோமியமும் இப்போது அதற்கு ஒரு சிறு காரணத்தைத் திருப்பித் தந்துள்ளன. ஆனால் மாடு வளர்க்க மேய்ச்சல் தரையும் வைக்கோலும் ஆளும் வேண்டும். ‘ஒரு நாட்டு மாடு இருந்தால் போதும்’ என்ற எளிய வாக்குறுதி, மாடே இல்லாத குத்தகைக்காரர்களின் எண்ணிக்கையை மறந்துவிடுகிறது.

நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலை. களைக்கொல்லி தெளிக்காத வயலுக்குக் கைக்களை அதிகம் வேண்டும். எனவே இயற்கை வேளாண்மை கூலி வேலையைக் கூட்டும். நிலமற்றவருக்கு இது நல்ல செய்தி, கூலி கட்டுபடியாகும் அளவில் இருந்தால். நாகப்பட்டினத்தில் கூலியின் வரலாறு சாதாரணமானதல்ல. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் உச்சமாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் உள்பட 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் இந்தப் பகுதியைத் தங்கள் களமாக்கிக்கொள்ள அந்தக் கொடுமையே காரணம். 1981-இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, வங்கிக் கடனோடு நிலத்தை வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் தலித் பெண்களின் பெயரில் பதிவு செய்தது. பசுமைப் புரட்சிக்கு முந்திய டெல்டாவை நினைத்து ஏங்கும் எழுத்து இந்த வரலாற்றைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. காட்டுயானமும் ஒட்டடையானும் விளைந்த காலம் பண்ணையாள் முறையின் காலமும்தான். மரபு விதையை மீட்பதற்கு மரபுச் சமூகத்தை மீட்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் பிரித்துப் பேசும் பொறுப்பு இயக்கத்துக்கு உண்டு.

2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் முதல் கட்டமாகத் தொடங்கிய மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. வயல் கூலிக்கு அது ஒரு தரைவிலையை ஏற்படுத்தியது. ஆள் கிடைக்கவில்லை என்று நிலவுடைமையாளர் குறைப்படுவதும், இயற்கை வேளாண்மை கைக்களையை வேண்டி நிற்பதும் ஒரே வயலில் மோதிக்கொள்கின்றன. இதற்குத் தீர்வாகக் கோனோவீடர் போன்ற கைக்கருவிகள் ஓரளவு உதவுகின்றன. புழுதி விதைப்பு வயலில் பயிர் வரிசையாக நிற்காததால் அங்கே அவையும் உதவுவதில்லை.

குத்தகையின் சிக்கல் இன்னும் ஆழமானது. இந்த மாவட்டத்தில் கோயில், மடங்களுக்குச் சொந்தமான நிலம் கணிசம். அதில் தலைமுறைகளாக உழுபவர்களில் பலர் பட்டா இல்லாதவர்கள். பதிவில்லாத வாய்மொழிக் குத்தகையும் உண்டு. அங்ககச் சான்றிதழ் பெற நில ஆவணம் வேண்டும். ஓராண்டுப் பயிருக்குக் குறைந்தது 2 ஆண்டு மாற்றுக்காலம் காத்திருக்க வேண்டும். மண்ணில் முதலீடு செய்து பலன் வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் முறையை, அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்பது தெரியாதவர் எடுக்கத் தயங்குவது இயல்பு. அவருக்கு யூரியாவே பகுத்தறிவான தேர்வு.

5. விளைச்சல் கணக்கு

உயரமான நாட்டு ரகங்கள் ஏக்கருக்கு 15 முதல் 20 மூட்டை தரும் என்பது உழவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. குட்டை ரகங்கள் அதைவிட வெகுவாகக் கூடுதல். காரணம் மண்ணில் இல்லை. பயிர் தன் ஆற்றலில் எவ்வளவைத் தானியத்துக்கும் எவ்வளவைத் தாளுக்கும் ஒதுக்குகிறது என்பதில் இருக்கிறது. மாடும் கூரையும் வைக்கோலை நம்பியிருந்த பொருளாதாரத்தில் தாள் இழப்பல்ல, வரவு. இன்று கூரை கான்கிரீட் ஆகிவிட்டது. வைக்கோலுக்கு விலை இருந்தாலும் பெல்ட் வகை அறுவடை எந்திரத்தில் நசுங்கும் வைக்கோலுக்கு மதிப்புக் குறைவு. சாய்ந்த நெடும்பயிரை அறுக்க எந்திரத்துக்கு நேரமும் கூடும், வாடகையும் கூடும்.

ஆகவே இரு தரப்பும் சொல்லும் சராசரிகள் கடைமடைக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. நல்ல ஆண்டில் குட்டை ரகமே வெல்லும். வெள்ளம் பத்து நாள் நின்ற ஆண்டில், அல்லது தண்ணீர் வராமல் உவர் ஏறிய ஆண்டில், நாட்டு ரகம் தரும் பத்து மூட்டை, குட்டை ரகம் தராத பத்து மூட்டை. எனவே பத்தாண்டு வரவுசெலவைச் சேர்த்துப் பார்ப்பதே நியாயமான அளவை. அதில் உரம், மருந்து, கடன் வட்டி எல்லாம் சேர வேண்டும். அப்போதும் விடை ஊருக்கு ஊர் மாறும். தண்ணீர் உறுதியுள்ள மேட்டு வயலில் காட்டுயானம் போடச் சொல்வது எந்த உழவருக்கும் நன்மை செய்யாது.

எல்லோரையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்ற ஆசைக்கு எச்சரிக்கை அருகிலேயே இருக்கிறது. 2021-இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. தொடர்ந்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. அந்த அறுவடைக்கு முன்பே, நவம்பரில், தடை விலக்கப்பட்டுவிட்டது. இதை இயற்கை வேளாண்மையின் தோல்வி என்று காட்டுவோர், மண்ணும் விதையும் எருவும் தயாராகாத ஒரு மாற்றத்தின் தோல்வி அது என்பதை மறைக்கின்றனர். இதைப் பேசாமல் கடந்துபோகும் இயற்கை ஆர்வலர்களோ, தயாராக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற கேள்வியை மறைக்கின்றனர்.

6. ஆலை, கொள்முதல், சோறு

விளைந்த நெல் அரிசியாக வேண்டும். ஊருக்கொன்றாக இருந்த சிறு அரவை மில்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. நவீன ஆலைகள் டன் கணக்கில் ஒரே ரக நெல்லை எதிர்பார்க்கின்றன. ஐந்து மூட்டைக் குழியடிச்சானைக் கொண்டுபோகும் உழவருக்காக எந்திரத்தைக் கழுவித் துடைத்து ஓட்ட யாரும் முன்வருவதில்லை. ஓட்டினாலும் சிவப்பும் வெள்ளையும் கலந்துவிடும். அவித்துக் காயவைக்கும் களமும் குறைந்துவிட்டது. சில உழவர் குழுக்கள் சிறிய ரப்பர் உருளை எந்திரங்களை வாங்கித் தாமே தோலுரிக்கின்றன; தவிடு நீங்காத அரிசி வேண்டுவோருக்கு அது போதுமானது. மீட்பு இயக்கத்தின் கண்ணுக்குப் படாத முட்டுக்கட்டை எது என்று கேட்டால், விதையைவிட மில்லைத்தான் சொல்ல வேண்டும்.

விற்பனையில் டெல்டாவின் பெரும் வாயில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையம். அதன் தராசில் நெல்லுக்கு இரண்டே வகை: சன்னம், பொது. 2025–26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்து குவிண்டாலுக்குச் சன்னம் 2,545 ரூபாய், பொது 2,500 ரூபாய். ரகத்தின் பெயருக்கோ, நஞ்சில்லாமல் விளைந்ததற்கோ, சிவப்பரிசி என்பதற்கோ அங்கே தனி விலை கிடையாது. எனவே மரபு நெல் விளைவிப்பவர் தானே வாங்குபவரைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த வாங்குபவர் சென்னையிலோ கோவையிலோ இருக்கிறார். கறுப்புக் கவுனியையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்க முடிந்தவர் அவர்.

அவரைக் கவர, அரிசி மருந்தாக்கப்படுகிறது. சர்க்கரை நோய்க்கு ஒரு ரகம், கர்ப்பிணிக்குப் பூங்கார், வலிமைக்கு மாப்பிள்ளைச் சம்பா என்று பைகளில் அச்சிடப்படுகிறது. சிவப்பு, கறுப்பு அரிசிகளின் தவிட்டில் நிறமிகளும் நார்ச்சத்தும் கூடுதல் என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் அது தவிடு இருக்கும்வரைதான். வெள்ளையாகத் தீட்டிய பிறகு பெயர் மட்டுமே மிஞ்சும். குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட ரகம் என்ற பட்டியலைத் தாங்கும் அளவுக்கு மனிதரிடம் செய்த சோதனைகள் இல்லை. மருந்தாக விற்கும் அரிசி அன்றாடச் சோறாவதும் கடினம்.

கடைமடையில் கூலி வேலை செய்யும் குடும்பத்தின் அன்றாடச் சோறு நியாயவிலைக் கடையிலிருந்து வருகிறது. 2011 ஜூன் முதல் தமிழகத்தில் அது இலவசம். பசியை விரட்டியதில் அந்தத் திட்டத்தின் பங்கு பெரியது; அதைக் குறைத்துப் பேசி மரபு அரிசியை உயர்த்தும் பேச்சு, பசியை அறியாதவரின் பேச்சு. ஆயினும் ஒரு முரண் இதில் இருக்கிறது. குழியடிச்சான் வயலில் களையெடுக்கும் பெண்ணின் வீட்டில் குழியடிச்சான் பொங்குவதில்லை. அவர் பொங்கும் அரிசி பொது ரகம் என்ற பெயரில் எங்கோ கொள்முதலாகி, எங்கோ அரைபட்டு வந்தது. கூலியில் ஒரு பகுதி நெல்லாகக் கொடுக்கப்பட்ட காலத்தில் வயலின் ரகமும் அடுப்பின் ரகமும் ஒன்றாக இருந்தன. கூலி பணமானது தொழிலாளருக்கு விடுதலை. அதே மாற்றத்தில் விளைந்த நெல்லுக்கும் உண்ணும் சோற்றுக்கும் இருந்த தொடர்பும் அறுந்தது.

இந்தத் தொடர்பை மறுபடி கட்டும் வழிகள் கொள்முதல் விதிகளுக்குள் இருக்கின்றன. தராசில் மூன்றாவதாக ஒரு வகை, அதற்கெனத் தனி மூட்டை அடுக்கு, வட்டத்துக்கு ஒரு சிறு அரவை ஆலை, அரைத்த அரிசியை அதே வட்டத்தின் சத்துணவு மையங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் அனுப்பும் ஏற்பாடு: இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஆனால் செலவு கூடும்; கிடங்கில் கலப்பைத் தடுப்பது கடினம்; பருவந்தோறும் அளவு ஏறி இறங்கும். இருக்கும் சட்டமும் இதில் உதவாது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டம், எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் போன்ற புதிய தொழில்களுக்குத் தடை விதித்து நிலத்தைக் காக்கிறது. அந்த நிலத்தில் விளைவதை யார் வாங்குவது, யார் உண்பது என்பது அதன் வரம்புக்குள் வரவில்லை.